எழுந்து போகும் உரிமை

மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்க இரு வழிகள் உண்டு. வருகிறவனை வாசலிலேயே தடுத்து நிறுத்துவது ஒன்று. அவன் உள்ளே வந்து அமர்ந்ததும், முன்பே அமர்ந்திருப்பவர் எழுந்து வேறிடம் போய்விடுவது மற்றொன்று. முதலாவது வழி கொடுமையானது என்பதை இன்று வெளிப்படையாக மறுப்பார் இல்லை. சட்டமும் அதைக் குற்றம் என்கிறது. இரண்டாவது வழிக்குச் சட்டத்தில் பெயரே கிடையாது. எழுந்து போகிறவர் எவரையும் அடிக்கவில்லை, ஏசவில்லை, துரத்தவில்லை. தம் காலால் தாம் நடந்தார், அவ்வளவே. ஆயினும் அவர் போன பின் அந்த அறையில் எஞ்சியிருப்பவர்கள் யார் என்று பார்த்தால், வாசலை அடைத்திருந்தால் என்ன விளைந்திருக்குமோ அதுவே விளைந்திருப்பதைக் காண்கிறோம். அப்படியானால் எழுந்து போவது நம் சுதந்திரமா, அல்லது பெயர் மாற்றிக்கொண்ட பழைய பாவமா? பள்ளிக்கூடத்தை முன்வைத்து இக்கேள்வியை நாம் ஆராய விரும்புகிறோம். ஏனெனில் பெற்றோராகிய நம்முள் பெரும்பாலோர் இக்கேள்விக்குச் சொல்லால் அன்று, செயலால் ஏற்கெனவே விடையளித்திருக்கிறோம்.

கதவும் தெருவும்

நாம் வாழும் செங்கற்பட்டு மண்ணுக்கு இவ்வரலாற்றில் தனி இடம் உண்டு. 1891-இல் இம்மாவட்டத்தின் ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரமன்ஹீர் என்பவர், செங்கற்பட்டுப் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். நிலமின்மை, கடனால் விளைந்த அடிமைத்தனம், குடியிருக்கும் மனைகூடத் தமதல்லாத நிலை, எழுத்தறிவின்மை ஆகிய அனைத்தையும் அவர் ஒரே கயிற்றின் புரிகளாகக் கண்டார். அதன் தொடர்ச்சியாகவே 1892-இல் பஞ்சமி நில ஆணையும், 1893-இல் பஞ்சமர் கல்விக்கென ஓர் ஆணையும் பிறந்தன. கிறிஸ்தவ மறைப்பணியாளர் பலரும் அம்மக்களுக்காகப் பரிந்து பேசினர். ஸ்காத்துலாந்துச் சபையைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ இம்மாவட்டத்திலேயே பணியாற்றி, மெல்ரோசாபுரம் என்ற குடியிருப்பையும் நிறுவினார்.

ஆனால் அக்காலத்தில் திறக்கப்பட்டவை பெரும்பாலும் தனிப் பள்ளிகளே. ஊர்ப் பள்ளி ஊருக்கு. சேரிப் பள்ளி சேரிக்கு. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளி எதுவும் பஞ்சமப் பிள்ளைகளை மறுக்கலாகாது என்று சென்னை அரசு 1919-இல் ஆணையிட்டபோதுதான் ஒரு விந்தை வெளிப்பட்டது. பள்ளிகள் பல அக்கிரகாரத்திலும், கோவிலிலும், ஊர்ச் சாவடியிலும் நடந்துவந்தன. பள்ளியில் சேரப் பிள்ளைக்கு உரிமை உண்டு. பள்ளி இருக்கும் தெருவில் நடக்கத்தான் உரிமை இல்லை! ஆகவே எல்லாரும் வரக்கூடிய இடத்துக்குப் பள்ளிகளை மாற்றுமாறும் அரசு சொல்லவேண்டியதாயிற்று.

இந்த முடிச்சை நன்கு உணர்ந்தவர் இம்மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். கோயம்புத்தூரில் தாம் கல்வி கற்ற நாள்களைப் பற்றி அவர் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ நானூறு மாணவர் படித்த பள்ளியில் மிகப் பெரும்பாலோர் பிராமணப் பிள்ளைகள். விளையாடப் போனால் ஊரும் பேரும் கேட்பார்கள், சாதி வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சி, எவரோடும் நெருங்காமல், வகுப்பு மணி அடித்த பிறகே உள்ளே நுழைவாராம் அச்சிறுவர். அவரை அப்பள்ளி மறுக்கவில்லை, சேர்த்துக்கொண்டது. ஆனால் சேர்க்கப்படுவதும் சேர்ந்திருப்பதும் ஒன்றல்ல என்பதை அவர் சிறு வயதிலேயே கற்றுக்கொண்டார். பின்னர்ச் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராகி, பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவை எவ்வகுப்பாருக்கும் தடையின்றித் திறந்திருக்க வேண்டும் என்ற தீர்மானத்தை 1924-இல் அவர் கொண்டுவந்ததில் வியப்பில்லை. பரங்கிமலையில் பிறந்த எம். சி. ராஜா 1938-இல் அதே நோக்குடன் குடிமை இடர்ப்பாடுகளை நீக்கும் சட்டம் நிறைவேறக் காரணரானார். கதவைத் திறந்தால் போதாது, கதவுவரை செல்லும் தெருவையும் திறக்கவேண்டும் என்பது இவர்கள் நமக்கு விட்டுச்சென்ற முதற்பாடம்.

மனுவும் தீர்ப்பும்

பள்ளி வாசலில் நீதி கேட்ட முதல் குரல் இவர்களுடையதும் அன்று. 1856-இல் அன்றைய பம்பாய் மாகாணத்துத் தார்வாரில் மகார் சாதிச் சிறுவன் ஒருவன், அரசுப் பள்ளி தன்னைச் சேர்க்க மறுத்ததென்று அரசுக்கே மனுச் செய்தான். ஒருவனுக்காகப் பலரைப் பகைத்துக்கொள்ள இயலாது என்பதே மாகாண அரசின் நிலையாக இருந்தது. அந்த ஒருவன் உள்ளே வந்தால் மற்றவர் எழுந்து போய்விடுவார்களே என்ற அச்சம்தான் அதன் உட்பொருள். 1858-இல் இலண்டனிலிருந்த கும்பினி இயக்குநர்கள், அரசுப் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்று எழுதியனுப்பினர். கொள்கை அன்றே பிறந்துவிட்டது. ஆயினும் எழுந்து போகிறவர்களைப் பற்றிய அச்சம் அதைவிட நெடுங்காலம் வாழ்ந்தது.

இதே வழக்கைக் கடலுக்கு அப்பால் வேறொரு மக்கள் நடத்தினர். பிரித்துவைத்தாலும் இரு பக்கமும் சமமாயிருந்தால் குற்றமில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896-இல் கூறியிருந்தது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி. 1951-இல் வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் வட்டாரத்தில், பதினாறு வயதுப் பார்பரா ஜான்ஸ் என்னும் மாணவி, தம் பள்ளியின் இழிநிலையை எதிர்த்து மாணவரைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தார். அங்கிருந்து எழுந்த வழக்கும், கான்சஸ் மாநிலத்தில் லிண்டா பிரவுன் என்ற சிறுமியின் தந்தை தொடுத்த வழக்கும், வேறு மூன்றும் சேர்ந்து ஒரே வழக்காயின. கறுப்பின மக்களுக்காகத் தர்குட் மார்ஷல் வாதாடினார். 1954 மே 17 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்: பிரித்துவைப்பதே சமமின்மை. கட்டடமும் புத்தகமும் ஒன்றேயானாலும், நீ எங்களோடு அமரத் தகுதியற்றவன் என்ற செய்தி குழந்தையின் உள்ளத்தில் பதிந்துவிடுகிறது. அதைப் பிறகு எளிதில் அழிக்க முடியாது.

நம் நாட்டு அரசியல் சட்டம் இதற்கு நான்காண்டு முன்பே தீண்டாமையை ஒழித்திருந்தது. அரசு நடத்தும் பள்ளியிலோ அரசின் உதவி பெறும் பள்ளியிலோ சாதி, சமயம், இனம், மொழி காரணமாக மட்டும் எவருக்கும் இடம் மறுக்கலாகாது என்று அதன் 29-ஆம் பிரிவு கூறுகிறது. இரு நாடுகளிலும் கதவு திறந்தது.

கதவு திறந்த பிறகு

அதன் பிறகு நடந்ததுதான் நம் கேள்விக்கு உரியது. பிரின்ஸ் எட்வர்ட் வட்டாரத்தார் 1959-இல் தம் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் இழுத்து மூடினர். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஒன்று தோன்றிற்று. கறுப்பினப் பிள்ளைகளுக்கு 1964 வரை அவ்வட்டாரத்தில் அரசுப் பள்ளியே இல்லை. மற்ற நகரங்களில் இவ்வளவு முரட்டுத்தனம் தேவைப்படவில்லை. வசதியுள்ளோர் அமைதியாகப் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். டெட்ராய்ட் நகரின் வழக்கில், பிரிவினைக்குக் காரணமென்று நிறுவப்படாத புறநகர்ப் பள்ளிகளை நகரப் பள்ளிகளோடு சேர்க்கக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1974-இல் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் முடிவு செய்தது. மாறுபட்ட நால்வருள் ஒருவர், அப்போது நீதிபதியாகிவிட்ட அதே தர்குட் மார்ஷல். இருபது ஆண்டுகளுக்கு முன் கதவைத் திறக்கவைத்தவர், அதன் வழியே மற்றவர் வெளியேறுவதைத் தடுக்க முடியாமல் நின்றார்.

நம்மிடையே நடந்தது என்ன? நூறாண்டுக்கு முன் தொழிலாளர் துறையின் பொறுப்பில் தொடங்கிய தனிப் பள்ளிகள், பின்னர் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் என்று பெயர் பெற்றன. எச்சாதிப் பிள்ளையும் அவற்றில் சேரலாம், எச்சட்டமும் தடுக்கவில்லை. ஆயினும் பிற சாதியார் அவற்றை நாடுவது அரிது. இப்பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கப்போவதாகத் தமிழக அரசு 2023-இல் அறிவித்தது. நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனைச் சக மாணவரே வெட்டிய கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும், பள்ளிகளின் பெயரில் சாதி அடையாளம் இருக்கலாகாது என்று 2024-இல் பரிந்துரைத்தது. நல்லவையே. ஆனால் பெயர்ப்பலகையை மாற்றினால், போனவர்கள் திரும்பி வருவார்களா?

ஆதிதிராவிடர் நலப் பள்ளி மட்டுமன்று. ஊர்ப் பொதுப் பள்ளியும் இன்று வேறு வழியில்லாதோரின் பள்ளியாகிக்கொண்டிருக்கிறது. காலை வேளையில் செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம்வரை சென்று பாருங்கள். மஞ்சள் நிறப் பேருந்துகள் ஊர்ப் பள்ளியின் வாசலைக் கடந்து விரைகின்றன. உள்ளே கழுத்துப்பட்டையும் காலணியும் அணிந்த பிள்ளைகள். ஊர்ப் பள்ளியை நோக்கி நடப்பவர்கள் விவசாயக் கூலிகளின், மீனவரின், கல்தச்சரிடம் கூலிவேலை செய்வோரின், இருளரின் பிள்ளைகள். இவர்களை எவரும் துரத்தவில்லை. மற்றவர்கள் போய்விட்டார்கள்.

நம் வீட்டிலும்

திருச்சபை இவ்விஷயத்தில் வெளியே நின்று பார்த்த சாட்சி அல்ல. 1947-இல், அமெரிக்கத் தீர்ப்புக்கு ஏழாண்டு முன்பே, செயின்ட் லூயிஸ் பேராயர் ஜோசப் ரிட்டர் தம் கத்தோலிக்கப் பள்ளிகளில் நிறப்பிரிவினையை நீக்கினார். வெள்ளைப் பெற்றோர் சிலர் அவர்மீது வழக்குத் தொடுக்க முனைந்தனர். பேராயர் அவர்களைத் திருச்சபையிலிருந்து விலக்கிவைக்க நேரும் என்று எச்சரித்தார், எதிர்ப்பு அடங்கிற்று. நியூ ஆர்லியன்ஸ் பேராயர் ஜோசப் ரம்மல் 1962-இல் எச்சரிக்கையோடு நில்லாமல், இறுதிவரை எதிர்த்த மூவரை உண்மையாகவே விலக்கிவைத்தார்.

இவ்வழக்கும் எதிர்வழக்கும் நமக்குப் புதியவை அல்ல. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில், ஒரே பீடத்தின்முன் சாதியாரைப் பிரித்து நின்ற சுவரை 1910-இல் கௌசானல் அடிகளார் இடித்தார். பிரிந்து அமர்வது எங்கள் உரிமை என்று வாதாடி, உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றம் சென்றனர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போயிற்று. அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. சேர்ந்திருக்கும் உரிமைக்காக மட்டுமே மக்கள் வழக்காடினார்கள் என்று எண்ணிவிடலாகாது. சேராதிருக்கும் உரிமைக்காகவும் வழக்காடியிருக்கிறார்கள், அதுவும் நம் ஞானஸ்நானப் பெயர்களைத் தாங்கியே.

இங்கே ஒரு நியாயமான மறுப்பைச் செவிமடுக்க வேண்டும். "என் பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்றுதான் அப்பள்ளிக்கு அனுப்புகிறேன். நான் யாருடைய சாதியையும் பார்க்கவில்லை. ஆசிரியரும் கழிப்பறையும் போதாத பள்ளியில் என் குழந்தையை வைத்துச் சமூகத்தைத் திருத்த வேண்டுமா?" இவ்வாறு கேட்கும் தாயை நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றமாட்டோம். அவளும் பல வேளைகளில் நகையை அடகுவைத்தே கட்டணம் செலுத்துகிறாள். அவளுள் பலர் தாமே தலித் கிறிஸ்தவர்கள். நேற்றுவரை கதவு மூடியிருந்த குடும்பத்தார். அவர்களுக்கு நல்ல பள்ளியைத் தேடும் முழு உரிமை உண்டு.

இன்னொரு மறுப்பும் உண்டு. தனிப் பள்ளி எப்போதும் சிறையாக இருந்ததில்லை. சில வேளைகளில் அது நிழலாகவும் இருந்தது. 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர்க்கெனத் திறந்த இலவசப் பள்ளியையும், நம் மறைப்பணியாளரின் கூரைப் பள்ளிகளையும் நன்றியோடுதான் நினைக்கிறோம். அவை இல்லையேல் பலருக்கு எழுத்தே இல்லை. அமெரிக்காவிலும் பள்ளிகள் ஒன்றானபோது கறுப்பின ஆசிரியர் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தனர். ஒன்றாக்கும் சுமையும் எளியவர் தோளிலேயே விழுந்தது. ஆகவே தனித்திருத்தல் எல்லாமே தீமை என்று நாம் சொல்லவில்லை. ஒதுக்கப்பட்டவர் ஒன்றுகூடி வலுப்பெறுவது வேறு. ஒதுக்கியவர் ஒதுங்கிக்கொள்வது வேறு. முன்னது காயத்துக்குக் கட்டும் துணி. பின்னது காயத்தையே உண்டாக்கும் கத்தி.

அப்படியானால் நம் நோக்கத்தை அளக்கும் கோல் எது? ஒரு கேள்வி போதும் என்று தோன்றுகிறது. ஊர்ப் பள்ளியில் நாளையே நல்ல ஆசிரியர்களும் நல்ல கட்டடமும் வந்துவிட்டால், அங்கே படிக்கும் பிள்ளைகளோடு நம் பிள்ளை ஒரே பலகையில் அமர்ந்து, ஒரே பந்தியில் உண்ண நமக்குச் சம்மதமா? சம்மதம் என்றால் நாம் ஓடியது மோசமான கல்வியை விட்டு. தயக்கம் என்றால் நாம் ஓடியது மனிதரை விட்டு. இரண்டையும் ஒரே கட்டண ரசீது மறைத்துவிடுகிறது. கடவுளுக்கு முன் மறைப்பதில்லை.

அந்தியோக்கியாவின் பந்தி

இதே கேள்வி திருச்சபையின் தொடக்க நாள்களிலேயே எழுந்தது என்பதைப் புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் காண்கிறோம். அந்தியோக்கியாவில் பேதுரு, பிற இனத்துக் கிறிஸ்தவரோடு ஒரே பந்தியில் உண்டு வந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்தபோது, அவர்களுக்கு அஞ்சி அப்பந்தியிலிருந்து மெல்ல விலகிக்கொண்டார். அவரைக் கண்டு மற்ற யூதக் கிறிஸ்தவரும், பர்னபாவும்கூட விலகினர். பவுல் அனைவர் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார்.

பேதுரு செய்தது என்ன என்று கூர்ந்து நோக்குவோம். எவரையும் அவர் பந்தியிலிருந்து எழுப்பவில்லை. எவருக்கும் ஞானஸ்நானத்தை மறுக்கவில்லை. தவறான போதனை எதையும் போதிக்கவில்லை. எழுந்து போனார், அவ்வளவே. அதைத்தான் பவுல் நற்செய்தியின் உண்மைக்கே முரணான நடை என்று கண்டார். உட்கார்ந்திருந்தவர்களின் நிலையில் நின்று பார்த்தால் அதன் காரணம் விளங்கும். பாறையெனப் பெயர் பெற்றவர் தம் அருகிலிருந்து எழுந்து வேறிடம் செல்வதைக் கண்ட அப்புதுக் கிறிஸ்தவர், தம்மைப்பற்றி என்ன எண்ணியிருப்பர்? 1954-இல் ஒன்பது நீதிபதிகள் குழந்தை உள்ளத்தைப்பற்றிச் சொன்னதும் அதுவேயன்றோ? ஆக, எழுந்து போவது குற்றமா என்ற கேள்விக்கு உலகச் சட்டம் தயங்கினாலும், திருமுகம் தயங்கவில்லை. மேலும், பேதுருவை எழுப்பியது வெறுப்பன்று, அச்சம். நம் ஆள்கள் என்ன சொல்வார்களோ என்ற அச்சம். நம்மையும் பெரும்பாலும் எழுப்புவது அதுதான்.

சட்டம் கேளாததும் மனசாட்சி கேட்பதும்

இனி நம் நிறுவனங்களைப் பற்றி ஒரு சொல். தனியார் பள்ளிகள் தம் நுழைவு வகுப்பில் கால் பங்கு இடங்களை நலிந்த பிரிவினருக்கு அளிக்கவேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விதித்தது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு 2014-இல் தீர்ப்பளித்தது. 2025-இல் இரு நீதிபதிகள் அத்தீர்ப்பின்மீது ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு அதை ஆராய வேண்டுமா என்று தலைமை நீதிபதியின் முடிவுக்கு அனுப்பினர். நீதிமன்றங்கள் தம் வழியில் முடிவு காணட்டும். அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு நமக்களித்த உரிமை அரியது. அதைக் காப்பது நம் கடமை. ஆனால் அது எதற்காக அளிக்கப்பட்டது? எளியவர் வலியவரால் விழுங்கப்படாமல் இருக்கவே. அவ்வுரிமையைக் கேடயமாகப் பிடித்து, நம்மினும் எளியவரை நாம் விலக்குவோமானால், கேடயத்தின் பின்னால் நிற்பது யார்? இந்திய ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் சாதி வேற்றுமை பாவம் என்று அறிவிக்கத் தயங்கவில்லை. சட்டம் நம்மைக் கேளாமல் விட்டதை அக்கொள்கை நம்மிடம் கேட்கிறது.

ஆகவே நம்மால் ஆகக்கூடியவற்றை எண்ணிப்பார்ப்போம். நம் பங்குப் பள்ளியின் சேர்க்கைப் பட்டியலில், பள்ளிச் சுவருக்கு மிக அருகில் குடியிருக்கும் ஏழைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பங்குப் பேரவையில் கேட்கலாம். சாதிச் சான்றிதழுக்காக அலையும் இருளர், நரிக்குறவர் குடும்பத்தாருக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுக்கலாம். நம் பிள்ளை அங்கே படிக்காவிட்டாலும், ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழு என்ன செய்கிறது என்று விசாரிக்கலாம். மாலையில் ஒரு மணி நேரம் அங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம். ஊர்ப் பள்ளி நன்றாக நடக்குமிடத்தில், துணிந்து நம் பிள்ளையை அங்கேயே அமர்த்தலாம். இது தியாகமன்று. தன் ஊரின் எல்லாப் பிள்ளைகளையும் அறிந்து வளரும் குழந்தை எதையும் இழப்பதில்லை.

2021 அக்டோபரில் மாமல்லபுரத்துக் கோவில் அன்னதானப் பந்தியில், பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவத் தாய் ஒருவர் அமரவிடாமல் திருப்பியனுப்பப்பட்டார். அவர் வாய்மூடிப் போகவில்லை, ஊரறியக் கேட்டார். சில நாள்களில் அமைச்சர் ஒருவர் அதே கோவிலில் அவரருகில் அமர்ந்து உண்டார். அச்செய்தியைப் படித்து நாம் எல்லாரும் மகிழ்ந்தோம். அப்பெண் கேட்டது ஒரு பிடி சோறு மட்டுமன்று என்பது அனைவருக்கும் புரிந்தது. அவரைப் போன்றோரின் குழந்தை, இந்த ஜூன் மாதத்தில் நம் பிள்ளையின் வகுப்பறைக்குள் வந்து, அதே பலகையில் அமரலாம். அன்று மாலை வீட்டுக்கு வந்து நம் பிள்ளை அதைச் சொல்லும்போது, நம் முகம் எப்படி மாறும் என்பதை அக்குழந்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும். அது கற்கப்போகும் பாடம் அதுதான்.